கணினி விழிக்காத பங்குனி

வேழ முகத்தோனை முன்வைத்து வணங்குகிறேன். நெற்றியில் நெருப்பையும் சடையில் நீரையும் ஒருங்கே தாங்கி நிற்கும் எம்பெருமானே, என் நெஞ்சில் இப்போது இருப்பது நெருப்பு மட்டுமே. அதை அவித்துவிடு என்று உன்னிடம் கேட்க மாட்டேன். நான் எழுதி முடிக்கும் வரை அது பொய்யைச் சுடட்டும், மெய்யைச் சுடாதிருக்கட்டும். அவ்வளவே என் விண்ணப்பம்.

இன்று ஆனித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமை, மக நட்சத்திரம். பாடி வைத்த அடியார் ஒருவர் இறைவனோடு கலந்த நாள் ஆனி மகம்; பதிகம் ஓதுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். காலையில் குளித்து, ஓதி முடித்து, இந்தத் தாளை எடுத்திருக்கிறேன். நல்ல நாளில் தொடங்கும் எழுத்தில் கோபம் இருக்கக் கூடாது என்று யாரேனும் சொன்னால், அவர்கள் சென்ற பங்குனியில் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் பூதலூருக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரம். வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற ஆண்டில் ஒரு கணினி வாங்கினேன். அதில் ஒரே ஒரு வேலைதான் செய்துவந்தேன். பதிகங்களைத் தட்டச்சு செய்வது, அவற்றுக்குச் சொற்பொருள் எழுதுவது. அந்தப் பெட்டி இன்று பழையது. அதிலுள்ள பக்கம் அமைக்கும் மென்பொருளும் தமிழ் எழுத்துருவும் அதைவிடப் பழையவை. ஆனால் நான் செய்த வேலை முழுவதும் அந்த எழுத்துருவில்தான் இருக்கிறது. வேறு கணினியில் திறந்தால், எழுத்துகள் சிதறி, வேற்று நாட்டுக் குறிகளாக நிற்கும்.

நான் கடைசியாகச் செய்த வேலை ஒரு புத்தகம். அதைக் கேட்டவர்கள் எங்கள் ஊர்க் கீழத்தெருப் பெண்கள் பதினான்கு பேர். அவர்களுடைய பாட்டன்மார் பண்ணையாட்களாக இருந்தவர்கள். இவர்களோ சொந்த நிலத்தில் உளுந்து விதைக்கிறார்கள், தையல் கடை வைத்திருக்கிறார்கள், ஒருவர் செவிலியர். களை பறிக்கும்போது கைப்பேசியில் பதிகங்களைக் கேட்டுக் கேட்டுத் தாங்களாகவே பாடப் பழகியவர்கள். நான் அவர்களுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. பண் பிசகாமல் அவர்கள் பாடுவதை வாய்க்கால் கரையில் நின்று கேட்டுவிட்டு, வீடு வந்து என் குரலை நானே நொந்துகொண்டவன்.

அவர்களுக்கு இருந்த குறை ஒன்றே. கடைகளில் கிடைக்கும் புத்தகங்களில் எழுத்து பொடி; சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சங்கிலியாகக் கிடக்கும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அவை எட்டுவதில்லை. சொல்லைப் பிரித்து, பெரிய எழுத்தில், ஒரு பாட்டுக்கு ஒரு பக்கமாக ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் செய்தேன். என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த பணி அதுவே என்று இப்போதும் நினைக்கிறேன்.

இதற்கிடையே கோயிலுக்குக் குடமுழுக்கு நிச்சயமாயிற்று. வைகாசியில் நாள் குறித்தார்கள். யாகசாலையில் ஆறு கால வேள்வி; ஒவ்வொரு காலத்திலும் பதிகம் பாட வேண்டும். இந்தப் பதினான்கு பேரும் தாங்கள் பாட விரும்புவதாகத் திருப்பணிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். குழுவின் செயலாளர் மேலத்தெருக்காரர், சாந்தமாகப் பேசுகிறவர். அந்தச் சாந்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. முடியாது என்று அவர் சொல்லவில்லை.

"தாராளமாப் பாடட்டுங்க. யாரு வேண்டாங்கிறா? ஆனா யாகசாலையில ஒரு சொல்லு தப்பா விழுந்தா ஊருக்கே ஆகாது. புத்தகத்தப் பார்த்துப் பாடட்டும். சித்திரை ஒண்ணாந்தேதி புத்தகம் என் கையில இருக்கணும். இல்லன்னா நான் பதிகம் பாடுற தஞ்சாவூர்க் குழுவுக்குச் சொல்லிருவேன்."

இருபத்தேழு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு இந்த வகை நிபந்தனை புரியாதா? விண்ணப்பத்தை நேராக மறுக்க விரும்பாத அதிகாரி, கிடைக்காத சான்று ஒன்றைக் கேட்பார். ஆயினும் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவர் கிடைக்காது என்று நினைத்த சான்று என் வீட்டு மேசையில் ஏறக்குறைய முடிந்து கிடந்தது.

தஞ்சாவூர் அச்சகத்தார் முழுப் புத்தகத்தையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகக் கேட்டார்கள். ஒவ்வொரு முறை முயன்றபோதும் கணினி தொண்ணூறாம் பக்கம் வரை போய், நினைவகம் போதவில்லை என்று ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு உறைந்து நின்றது. ரேம் என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்த நினைவகப் பட்டையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை. அடி விளிம்பில் பொன்னிறப் பற்கள். அதைக் கணினிக்குள், மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் உள்ள நீண்ட பள்ளத்தில் செருக வேண்டும். அவ்வளவு சிறிய வேலை.

பூதலூரில் பயணிகள் வண்டி ஏறித் தஞ்சாவூர் போனேன். கடைக்காரர் என் கணினியின் வயதைக் கேட்டுச் சிரித்தார். மாதிரி பார்க்காமலே ஒரு பட்டையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பள்ளத்தில் வைத்தால், அது உட்காரவில்லை. பட்டையின் பல்வரிசை நடுவே ஒரு வெட்டு உண்டு. பள்ளத்தில் அதற்கு நேராக ஒரு மேடு உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நெல் மணி அளவு தள்ளி நின்றன. கடைக்குத் தொலைபேசினேன். "கொஞ்சம் அழுத்துங்க சார், உக்காந்துரும்" என்றார். அழுத்தியிருந்தால் பள்ளம் பிளந்திருக்கும். அந்த வெட்டும் மேடும் இருப்பதே, ஒரு தலைமுறைப் பட்டையை மற்றொரு தலைமுறைப் பலகையில் செருகிவிடாமல் தடுப்பதற்காகத்தான் என்பது எனக்கே பார்த்தவுடன் விளங்கியது. அதை விற்றுப் பிழைக்கிறவர் அழுத்தச் சொல்கிறார். தன் தொழிலைத் தெரிந்துகொள்ளாதவனை மன்னிக்கலாம். தெரிந்தும், எதிரே நிற்பவன் கிழவன் என்று அலட்சியம் செய்பவனை என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

மறுநாள் பழைய பட்டையைக் கையோடு எடுத்துப் போனேன். அவர் இழுப்பறையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட இரண்டு பட்டைகளை எடுத்தார். உறை இல்லை. வேறு எந்தப் பெட்டியிலிருந்தோ கழற்றியவை என்று பார்த்தாலே தெரிந்தது. இந்த வகை இப்போது புதிதாக வருவதில்லை, இதுதான் கிடைக்கும், சோதித்துப் பார்த்தவைதான் என்றார். வெட்டு பொருந்துகிறதா என்று நானே வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கி வந்து, அன்றைக்குப் பழையதையே மறுபடி அதன் இடத்தில் செருகி வைத்தேன்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மேல் கோபிக்கிறவன் தன் கணக்கை மறைப்பது அழகன்று.

எதைத் தொடங்கினாலும் திருநீறு இட்டுத் தொடங்குவது என் வழக்கம். புதுப் பேனாவுக்கும் இடுவேன், புதுச் செருப்புக்கும் இடுவேன். அன்று காலைப் பூசை முடிந்த கையோடு பெட்டியின் முன் அமர்ந்தேன். நீரில் குழைத்த திருநீறு உள்ளங்கையில் இன்னும் ஈரமாக இருந்தது. பழைய பட்டையைக் கழற்றினேன். புதிய இரண்டையும் இடக்கையில் ஏந்தி, ஐந்தெழுத்தை ஓதி, மூன்று விரலால் குறுக்கே இட்டேன். எங்கே இட்டேன்? அந்தப் பொன்னிறப் பற்களின் மேல். பட்டையில் அந்த இடமே துலங்கி, தெய்வத்தின் ஆபரணம்போல் இருந்தது. ஆகவே அங்கே இட்டேன். பழைய பட்டையை விட்டுவிட மனமில்லாமல் அதற்கும் இட்டேன். பிறகு புதியவற்றைப் பள்ளங்களில் செருகி, இரு பக்கக் கொக்கிகளும் சொடுக்கென்று பூட்டும்வரை அழுத்தினேன்.

விசையைப் போட்டேன். திரை கருப்பு. பெட்டிக்குள்ளிருந்து நீண்ட பீப் ஒலி, ஓர் இடைவெளி, மறுபடியும் நீண்ட பீப். பின்னால் நகரும் லாரியைப் போல ஓயாமல் கத்தியது. அணைத்துவிட்டுப் புதியவற்றை எடுத்து, பழைய பட்டையை அதன் பழைய இடத்திலேயே செருகினேன். அதே கூச்சல். நேற்றுவரை ஓடிய பட்டை, நேற்றுவரை ஓடிய பள்ளம், இன்று இரண்டும் ஒன்றையொன்று அறியாதவைபோல் நின்றன.

பங்குனி நடந்துகொண்டிருந்தது. வயல்களில் உளுந்து காய் பிடித்திருந்தது. சித்திரைக்குப் பதினேழு நாள் இருந்தது.

புத்தகத்தின் பிரதி ஒன்று பென் டிரைவில் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் திறக்க இந்தப் பெட்டிதானே வேண்டும்? பெங்களூரில் இருக்கும் மகனிடம் பேசினேன். அந்தப் பொட்டியத் தூக்கிப் போடுங்கப்பா, நான் லேப்டாப் அனுப்புறேன் என்றான். எழுத்துரு பற்றி விளக்கினேன். எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும் என்றான். பக்கத்து வீட்டு மடிக்கணினியில் அதையும் செய்து பார்த்தேன். எழுத்துகள் வந்தன, ஆனால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி, கால்கள் உதிர்ந்து, இறைவன் பெயரே பிழையாக நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும் கொம்பையும் காலையும் எடுத்து ஒட்டப் பதினேழு நாள் போதுமா? அவனிடம் சொன்னால், "அப்ப அவங்க பழைய புத்தகத்தையே பார்த்துப் பாடட்டும்" என்றான். என் பிள்ளைதான். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பெட்டியைத் துணியில் கட்டி வண்டியில் ஏற்றித் தஞ்சாவூரில் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறக்கவில்லை. மின்கம்பியைச் செருகி, விசையை அழுத்தி, இரண்டு பீப் கேட்டுவிட்டு, போர்டு போச்சு என்று தீர்ப்பெழுதினார். விட்டுட்டுப் போனீங்கன்னா எடைக்கு எடுத்துக்கிறேன் என்றார். மருத்துவர் ஒருவர் நோயாளியின் நாடியைத் தொடாமல், வாசலில் இருமியதைக் கேட்டே பாடை கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் அவரிடம் சத்தமாகப் பேசினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. கோபத்தில் சொன்ன சில சொற்களை இங்கே எழுத மாட்டேன். அந்த வாயால் மாலையில் பதிகம் ஓதக் கூசிற்று; ஓதினேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் கீழத்தெருப் பெண்கள் இருவர் வழியில் கண்டு, புத்தகம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார்கள். அச்சகத்தில் இருக்கிறது என்று சொன்னேன். பொய். எழுபத்து மூன்று வயதில், நெற்றி நிறைய நீறிட்டுக்கொண்டு, பொய். என் மேலுள்ள கோபத்தில் பெரும்பங்கு திருநீற்றுக்கானது அன்று, இதற்கானது.

அந்தப் பொய் நான்கு நாள்கூட நிற்கவில்லை. பெண்கள் குழுவுக்குத் தலைவியாக இருப்பவர் பூதலூர் இ-சேவை மையத்தில் கணினி இயக்குநர். வேலையாகத் தஞ்சாவூர் போனவர் அச்சகத்துக்கும் போய்க் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பகல் உணவுக்குப் பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே குழுவில் மூத்தவரான ஒரு பெரியம்மாவும் வந்தார். களத்து மேட்டில் நாலு பேர் பேச்சை ஒருவராகவே பேசக் கூடியவர்.

"அச்சகத்துல கேட்டேங்கய்யா. இன்னும் எதுவும் வரலைங்கிறாங்க" என்றார் தலைவி.

நான் உண்மையைச் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரும்படி அவர்களிடம் சொல்லவும் மறந்தேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, பெட்டி எங்கே என்றார். என் மேல் அவருக்குக் கோபம் இருந்தது, முகத்தில் தெரிந்தது, அதைக் கைக்கு வரவிடவில்லை. அந்த வித்தை எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

மின்கம்பியை உருவினார். பெட்டியைப் படுக்க வைத்துப் பக்க மூடியைக் கழற்றினார். உடம்பில் மின்னேற்றம் இருந்தால் பட்டைக்கு ஆகாது என்று சொல்லி, இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டார். பெரியம்மா கைப்பேசி விளக்கைப் பிடித்தார். பட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த தலைவியின் புருவம் ஏறியது.

"ஐயா, பல்லுமேல வெள்ளையா இருக்கே, இது என்னங்க?"

சொன்னேன். பெரியம்மா விளக்கைப் பிடித்தபடியே பேசினார்: "சாமி கும்புட்டது சரிதான். மதகு வாயில கொண்டுபோயி மூட்டையப் போட்டுட்டு, வயலுக்குத் தண்ணி வரலன்னு தஞ்சாவூரு வரைக்கும் போயி சண்ட போட்டிருக்கீங்களே."

தலைவி சிரிக்கவில்லை. "திருநீறு இட்டது தப்புன்னு நான் சொல்லலைங்கய்யா. பல்லுல இடாம முதுகுல இட்டிருக்கலாம்" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் வந்தது வெட்கம் அன்று, கோபம். இறைவன் மேலேயே கோபம். உன் நீறுதானே, உன் பாட்டுதானே, உன் கோயில்தானே, நீயே வந்து குறுக்கே கிடக்கலாமா என்று கேட்டேன். அடியவன் அவனைத் திட்டுவதற்கு நம் மரபில் இடம் உண்டு. பாடி வைத்தவர்களே கண் போனதற்கும் பொன் கிடைக்காததற்கும் அவனை ஏசியிருக்கிறார்கள். ஆனால் ஏசி முடித்தபோது, அவன் குறுக்கே கிடக்கவில்லை, நான்தான் கொண்டுபோய்க் கிடத்தினேன் என்பது விளங்கிற்று. பற்கள் தாய்ப்பலகையைத் தொட்டால்தான் பேச்சு நடக்கும். அவற்றுக்கு நடுவே காய்ந்து இறுகிய ஒரு படலத்தை நானே போட்டு, கொக்கி பூட்டும்வரை அழுத்தியும் இருக்கிறேன். பழைய பட்டையும் ஏன் ஓடவில்லை என்பதற்கும் விடை அதிலேயே இருந்தது. அதன் பல்லிலும் நீறு; முதலில் அழுத்திய பட்டைகள் பள்ளத்துக்குள் விட்டுச் சென்றதும் நீறு.

தலைவி கைப்பையிலிருந்து பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்தார். மூன்று பட்டைகளையும் ஒவ்வொன்றாக ஓரங்களில் மட்டும் பிடித்து, பற்களின் மேல் ரப்பரை ஒரே திசையில் மெல்லத் தேய்த்தார். வெள்ளை போய்ப் பொன் தெரிந்தது. உதிர்ந்த துகளை உலர்ந்த துணியால் துடைத்தார். பள்ளத்துக்குப் புதிய, உலர்ந்த வர்ணத் தூரிகை ஒன்று கேட்டார், என்னிடம் இருந்தது. பெட்டியைச் சாய்த்துப் பிடித்து, பள்ளத்தைக் கீழ்நோக்கித் தட்டித் தட்டிப் பெருக்கினார். வாயால் ஊதப் போன என்னை, எச்சில் ஈரம் பட்டால் இன்னும் கெடும் என்று தடுத்தார்.

நான் மூன்று பட்டைகளையும் எடுத்து நீட்டினேன். "ஒவ்வொண்ணாத்தாங்க போடணும். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டு எது கெட்டதுன்னு கேட்டா, அது சொல்லாது" என்றார்.

முதலில் பழைய பட்டை, முதல் பள்ளத்தில். விசை. ஒரே ஒரு குறுகிய பீப், திரையில் வெளிச்சம். நான் சிவசிவ என்றேன். பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அணைத்துவிட்டு, அதே பட்டை இரண்டாம் பள்ளத்தில். விழித்தது. ஆக, பள்ளங்கள் இரண்டும் நலம்; போர்டு போகவில்லை; எடைக்குப் போக வேண்டியது அந்தப் பழுது பார்ப்பவரின் தீர்ப்புதான். பிறகு புதியவற்றில் ஒன்று. விழித்தது. பிறகு மற்றொன்று. நீண்ட பீப். இரண்டாம் பள்ளத்துக்கு மாற்றினார். நீண்ட பீப். மறுபடியும் ரப்பரால் தேய்த்துப் போட்டார். அதே கத்தல்.

நல்ல பட்டையும் கெட்ட பட்டையும் ஒன்றுபோலவே துடைக்கப்பட்டவை. ஒன்று ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை. என்றால், கடைக்காரர் சோதித்துப் பார்த்தேன் என்றதும் பொய். என் தவறு தெளிந்ததனால் அவர் தவறு கரைந்துவிடவில்லை என்பதை அறிந்தபோது, வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு ஒரு தெம்பு வந்தது.

நல்ல புதியதையும் பழையதையும் சேர்த்துப் போட்டார். வேகம் வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும், அதனால் கெடுதல் இல்லை என்றார். திரையில் நினைவகத்தின் எண்ணிக்கை முன்பைவிட ஐந்து மடங்காக ஏறி நின்றது. புத்தகத்தைத் திறந்து பிடிஎஃப் ஆக்க விட்டோம். எண்பது, எண்பத்தைந்து என்று பக்க எண் ஏறியது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. நூற்றைம்பதில் பெரியம்மா தேநீர் கேட்டார். நான் தேநீர் போட்டு வருவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்து, கோப்பு முழுதாகக் கிடந்தது. அவர்கள் இருவரும் அந்தத் திரையிலேயே பக்கத்தைப் புரட்டி, ஒரு பதிகத்தை மெதுவாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரித்துப் போட்டா எவ்வளவு லேசா வருது என்று பெரியம்மா சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது.

கெட்ட பட்டையைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். மூலையில் எங்கோ ஒரு வெள்ளைத் தடம் ஒட்டியிருந்திருக்கிறது. "சாமிக்குப் படைச்ச ஐட்டத்த நாங்க ரிட்டர்ன் எடுக்குறதில்ல சார்" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பட்டையை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது என்னிடம் இருந்தால் தினமும் கண்ணில் பட்டு, தினமும் எனக்குக் கோபம் வரும்.

அச்சகத்தார் சொன்ன சொல்லைக் காத்தார்கள். சித்திரை முதல் நாள் காலையில், பதினான்கு பேரும் கையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். நானும் போனேன். திருப்பணிக் குழுவினர் ஆண்டுப் பிறப்புக்காகக் கூடியிருந்தார்கள். செயலாளர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அச்சு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு அதே சாந்தக் குரலில், தஞ்சாவூர்க் குழுவுக்கு ஏற்கனவே சொல்லிவிட்டதாகவும், அவர்கள் யாகசாலைக்குள் பாடுவார்கள், இவர்கள் வெளிப் பந்தலில் பாடட்டும், பாடுவதற்கு எந்த இடமாக இருந்தால் என்ன என்றும் சொன்னார்.

தலைவி புத்தகத்தை மூடினார். "புத்தகம் கேட்டீங்க, கொண்டாந்துட்டோம். இடம் எங்கன்னு அப்பச் சொல்லலையேங்க" என்றார்.

யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. அலுவலகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் அதைக் கேட்டிருக்கிறேன். பல முறை அதில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். அன்று இருக்க முடியவில்லை. தஞ்சாவூர்க் குழுவிடம் புத்தகம் கேட்டீர்களா என்று செயலாளரைக் கேட்டேன். அவர்கள் பழகியவர்கள் என்றார். இவர்கள் பாடி நீங்கள் கேட்டதுண்டா என்றேன். வாய்க்கால் கரையில் இவர்கள் பாடும்போது நின்று கேட்காமல் போன கால்தானே உங்கள் கால் என்றேன். சத்தமாகவே சொன்னேன். அழைப்பிதழில் என் பெயரைப் போடவேண்டாம், நானும் வெளிப் பந்தலில் உட்கார்ந்துகொள்கிறேன், ஆனால் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் எழுந்து நின்று சொல்வேன் என்றேன். குழுவிலிருந்த அரிசி ஆலைக்காரர், அமைதியானவர், அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்து, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமே என்றார். செயலாளர் பாதிக்கு இணங்கவில்லை. பேசிப் பேசி, ஆறு காலத்தில் இரண்டு காலம் யாகசாலைக்குள் இந்தப் பெண்களுக்கு என்று முடிந்தது.

ஆறில் இரண்டு. அதை வெற்றி என்று என்னிடம் பலர் வந்து சொன்னார்கள். தலைவியும் பெருந்தன்மையாக, இந்தத் தடவை ரெண்டு, பாப்போங்கய்யா என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. தகுதி உள்ளவர்களுக்கு அவர்களுடைய உரிமையில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு நன்றி எதிர்பார்க்கும் கையை நான் எப்படிக் கும்பிடுவேன்?

வைகாசியில், மூன்றாம் காலத்தில், அவர்கள் யாகசாலைக்குள் வந்து வரிசையாக அமர்ந்தார்கள். குண்டத்தில் தீ எழுந்தது. முதல் பதிகத்தைத் தலைவி எடுத்தார். பதினான்கு குரலும் ஒரு குரலாகி, ஒரு சொல்கூடத் தடுக்காமல் போயிற்று. தஞ்சாவூர்க் குழுவினர் தங்கள் முறைக்காக ஓரமாக நின்றார்கள். அவர்கள் கையில் புத்தகம் இல்லை, பாட்டைப் பார்த்துக்கொள்ளக் கைப்பேசிகள் இருந்தன. அவர்களில் ஒரு மூதாட்டி, பாட்டு முடிந்ததும் பெரியம்மாவிடம் வந்து, எழுத்துப் பெருசா இருக்கே, நாலாம் காலத்துக்கு ஒண்ணு குடுங்கம்மா என்று கேட்டு வாங்கிப் போனார். செயலாளர் அதைப் பார்த்தார். அவர் முகம் சாந்தமாகவே இருந்தது.

ஆண்டவன் முன் கோபத்தோடு உட்காரக் கூடாது என்பார்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீரும் வந்தது, கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதை அன்று அறிந்தேன். ஐந்தாம் காலத்தில் அவர்கள் மறுபடி பாடினார்கள். மற்ற நான்கிலும் வெளியே பந்தலில் நின்று கேட்டார்கள். அடுத்த மாதம் குழு புதிதாகத் தேர்வாகிறது. குடமுழுக்கின் ஆண்டுவிழாவில் எல்லாக் காலமும் தங்களுக்கே வேண்டும் என்று பதினான்கு பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த விண்ணப்பத்தின் கீழே பதினைந்தாவது கையெழுத்து என்னுடையது.

இதைப் படிக்கும் எல்லோரும் நீடு வாழ்க. உங்கள் வயலுக்கு நீர் வருக. உங்கள் வீட்டில் பாட்டு ஒலிக்க. உங்களுக்குரிய இடத்தை நீங்கள் கேட்காமலே எம்பெருமான் அருளுக. கேட்டுத்தான் பெற வேண்டும் என்றால், கேட்கும் குரலில் அவனே நிற்க. சிவசிவ.